தனிமரம் காய்க்காது: வீட்டுத் தோட்டத்தில் ஹேசல்நட் வளர்க்கப் போகிறவர்களுக்கு

ஹேசல்நட், அதாவது கெட்டியான ஓட்டுக்குள் பருப்பு இருக்கும் கொட்டை தரும் குளிர்நாட்டு மரம், அதை வைக்கலாம் என்று இருக்கிறேன், ஒரு கன்று வாங்கினால் போதுமா என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: போதாது. தனிமரம் தோப்பாகாது என்பார்கள், இந்த மரத்தில் தனிமரம் காய்க்கவே காய்க்காது. இது தெரியாமல் நான் ஒரே ஒரு கன்றை நட்டுவிட்டு ஆறு வருடம் காத்திருந்தேன். மரம் நன்றாகத்தான் வளர்ந்தது, ஒவ்வொரு குளிர்காலமும் மஞ்சள் பூச்சரங்கள் கிளை கிளையாகத் தொங்கும், இந்த வருடம் கட்டாயம் காய்க்கும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைப்பேன், கோடை முடிந்ததும் இலையை விலக்கி விலக்கித் தேடினால் ஒரு கொட்டை இருக்காது. விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏழாவது வருடம் வேறு ரகம் ஒன்றை வாங்கி வைத்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

அதனால் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மரத்துக்குத் தினசரி வேலை மிகக் குறைவு. சொதப்புவதெல்லாம் கன்று வாங்கும் நாளிலும் நடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளிலும்தான் நடக்கிறது, அதை நாம் கண்டுபிடிக்கும்போது ஐந்தாறு வருடம் போயிருக்கும்.

உங்கள் ஊர்க் குளிர் போதுமா?

வீட்டுத் தோட்டத்தில் கொட்டைக்காக வளர்ப்பது பெரும்பாலும் கோரிலஸ் அவெல்லானா என்கிற ஐரோப்பிய இனம் அல்லது அதிலிருந்து வந்த ரகங்கள். பிர்ச் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகத்தில் விளையும் ஹேசல்நட்டில் பாதிக்கும் மேல் துருக்கியின் கருங்கடல் கரையில், ஒர்டு, கிரேசுன் போன்ற பகுதிகளில் விளைகிறது. அடுத்து இத்தாலி. அமெரிக்காவில் ஏறக்குறைய முழு விளைச்சலும் ஒரிகன் மாநிலத்தின் வில்லமெட் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. இந்த இடங்களை வரிசையாகப் பார்த்தாலே மரத்துக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்துவிடும்: கடல் ரொம்ப தூரத்தில் இல்லாத, மழையும் குளிரும் உள்ள, ஆனால் எல்லாம் உறைந்துபோகாத குளிர்காலம், வறுத்தெடுக்காத கோடை.

குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சுமார் 800 முதல் 1,200 மணி நேரம் கிடைக்க வேண்டும், ரகத்துக்கு ரகம் இது மாறும். அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் மொட்டுகள் ஒழுங்காக விழிக்காது. வெப்பமண்டலச் சமவெளியில் கன்று சில வருடம் உயிரோடு இருக்கலாம், கொட்டையை எதிர்பார்க்காதீர்கள். மலைப்பகுதியில்கூட இரவு மட்டும் குளிர்ந்து பகல் முழுக்க வெயில் அடித்தால் மணிக்கணக்கு சேராது. மறுபக்கம், இலை உதிர்ந்து உறக்கத்தில் இருக்கும் மரம் மைனஸ் 20 டிகிரியைக்கூடத் தாங்கிவிடும். அதைவிடக் கடுமையாகக் குளிரும் இடங்களில் இருப்பவர்கள் அமெரிக்க இனமான கோரிலஸ் அமெரிக்கானாவின் கலப்பு ரகங்களைத் தேடுவது நல்லது. கொட்டை கொஞ்சம் சின்னதாக இருக்கும், மரம் பிழைக்கும்.

பூ எப்படிப் பூக்கிறது, ஏன் இரண்டு வேண்டும்

ஒரே மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக இருக்கும். ஆண் பூ எல்லோர் கண்ணிலும் படும், விரல் நீளத்துக்குத் தொங்கும் மஞ்சள் சரம், கோடையிலேயே சின்னதாகப் பச்சையாக உருவாகிவிட்டு, குளிர்காலத்தில் நீண்டு தளரும். அந்தச் சமயத்தில் கிளையை விரலால் சுண்டிப் பாருங்கள், மஞ்சள் தூள் புகை மாதிரி கிளம்பும். பெண் பூவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பார்க்க இலைமொட்டு மாதிரியே இருக்கும், அதன் நுனியில் மட்டும் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு ரத்தச் சிவப்பில் மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்கு நேரே கிளையைப் பிடித்துக்கொண்டால்தான் தெரியும், ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் எல்லாக் கிளையிலும் அதுவே தெரியும். மகரந்தம் சேர்ப்பதில் தேனீக்கு வேலையே இல்லை. எல்லாம் காற்றின் வேலை.

சிக்கல் என்னவென்றால், ஒரு மரத்தின் மகரந்தம் அதே மரத்தின் பெண் பூவில் விழுந்தால் அந்தப் பூ அதை ஏற்றுக்கொள்ளாது. அதே ரகத்தில் இன்னொரு மரம் வைத்தாலும் பலன் இல்லை, ஏனென்றால் ஒரே ரகக் கன்றுகள் எல்லாம் ஒரே தாய்மரத்தின் நகல்கள்தான். இன்னும் ஒரு படி மேலே போய், வேறு வேறு பெயருள்ள சில ரகங்கள்கூட மரபணு அளவில் ஒன்றையொன்று ஏற்காது. போதாக்குறைக்கு, ஒரு ரகத்தின் மகரந்தம் பறக்கும் நாட்களும் மற்றதன் சிவப்பு இழை விரியும் நாட்களும் ஒத்துப்போக வேண்டும். சில ரகங்கள் குளிர்காலத்தின் நடுவிலேயே பூத்துவிடும், சில வசந்தத்தின் வாசல் வரை இழுக்கும்.

இதையெல்லாம் நீங்கள் ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எந்த ரகத்துக்கு எது ஜோடி என்ற பட்டியல் நல்ல நர்சரிகளிடம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். உதாரணமாக, ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2009-இல் வெளியிட்ட ஜெஃபர்சன் தாமதமாகப் பூக்கும் ரகம், அதற்கு ஜோடியாகவே ஈட்டா, தீட்டா என்ற ரகங்களையும் வெளியிட்டார்கள். பிரிட்டனில் காஸ்ஃபோர்டும் கென்டிஷ் காப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது பழைய வழக்கம். மூன்று ரகம் வைக்க இடம் இருந்தால் மூன்றாக வையுங்கள், ஒன்று ஏமாற்றினாலும் இன்னொன்று கைகொடுக்கும். மரங்களுக்கு நடுவே 15, 20 மீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம். வேலியோரத்தில் காட்டு ஹேசல் தானாக வளரும் பகுதியில் இருக்கிறீர்கள் என்றால் அதுவே மகரந்தம் கொடுத்துவிடலாம், அதிர்ஷ்டம். காட்டு மரத்திலிருந்து பூச்சரம் உள்ள கிளையை வெட்டி, தண்ணீர் ஊற்றிய வாளியில் செருகி, தன் மரத்துக்கு அடியில் வைத்து ஒப்பேற்றுகிறவர்களும் உண்டு. ஒரு வருடத்துக்குச் சரி.

வீட்டில் யாருக்காவது மகரந்த ஒவ்வாமை இருந்தால் ஒரு எச்சரிக்கை: வருடத்தில் முதலில் தும்மல் கிளப்பிவிடும் மரங்களில் இதுவும் ஒன்று. படுக்கையறை ஜன்னலுக்கு நேரே வைக்க வேண்டாம்.

கன்று வாங்கும்போது

விதையிலிருந்து வளர்க்க ஆசைப்படாதீர்கள். கொட்டையை ஈரமணலில் மூன்று நான்கு மாதம் குளிரவைத்து முளைக்கவைக்கலாம்தான், ஆனால் வரும் மரம் தாயைப் போல இருக்காது, எப்படி இருக்கும் என்று காய்த்த பிறகுதான் தெரியும். பெயர் எழுதிய ரகக் கன்றாகவே வாங்குங்கள். அழகுக்காக விற்கும் முறுக்குக் கிளை ஹேசலையும் ஊதா இலை ஹேசலையும் பார்த்து மயங்கி, கொட்டைக்கும் இதுவே ஆகும் என்று நினைத்துவிட வேண்டாம். துருக்கி ஹேசல் என்று பெயர் போட்ட கோரிலஸ் கொலுர்னாவும் வேறு இனம், இருபது மீட்டர் வரை நெட்டையாகப் போகும், கொட்டையின் ஓடு தடிப்பு. ஆனால் அதை வேர்ச்செடியாக வைத்து மேலே நல்ல ரகத்தை ஒட்டுக்கட்டிய கன்று கிடைத்தால் வாங்கலாம், அடியில் பக்கக்கன்று கிளம்பும் தொல்லை இருக்காது. அந்தத் தொல்லை எப்படிப்பட்டது என்று கீழே சொல்கிறேன்.

நோய் விஷயத்தில், வட அமெரிக்காவில் இருப்பவர்கள் மட்டும் ஒரு பூஞ்சைக்குப் பயப்பட வேண்டும். ஈஸ்டர்ன் ஃபில்பர்ட் பிளைட் என்று பெயர். அந்தக் கண்டத்தின் கிழக்குப் பகுதியில் காட்டு ஹேசலில் சாதாரணமாக இருப்பது, ஐரோப்பிய ரகங்களைக் கொன்றே விடும். கிளை நெடுக வரிசையாகக் கறுப்புப் புடைப்புகள் தெரிந்தால் அதுதான், ஆனால் தொற்றி ஒரு வருடத்துக்கு மேலான பிறகுதான் அந்தப் புடைப்பே தெரியும். அங்கே ஜெஃபர்சன், யாம்ஹில் போன்ற எதிர்ப்புச் சக்தி உள்ள ரகங்களைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

இடமும் நடுவதும்

நிழலிலும் வளரும், நிழலில் காய்க்காது. நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மண்ணில் அமில காரத் தன்மை (pH) 6-லிருந்து 7-க்குள் இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம் வடிகால். நடும் இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி எடுத்து நிறையத் தண்ணீர் ஊற்றி விட்டுவிடுங்கள், மறுநாள் காலையில் போய்ப் பார்க்கும்போதும் தண்ணீர் நின்றால் அந்த இடம் ஆகாது. மேடு கட்டி நடலாம், அல்லது இடத்தை மாற்றலாம். குளிர்காற்று வந்து தேங்கும் பள்ளமும் வேண்டாம், பூ உறைபனியை நன்றாகவே தாங்கும், ஆனால் வசந்தத்தில் விரிந்த இளந்தளிர் தாங்காது.

மரம் நான்கு ஐந்து மீட்டர் உயரம், ஏறக்குறைய அதே அகலம் வரும். அதனால் கன்றுக்குக் கன்று 4 முதல் 5 மீட்டர். வைக்கும்போது இந்தக் குச்சிக்கா இவ்வளவு இடம் என்று தோன்றும், எட்டு வருடம் கழித்துத் தோன்றாது. இடமே இல்லை என்பவர்கள் வெவ்வேறு ரகம் இரண்டை அரை மீட்டர் இடைவெளியில் நட்டு ஒரே புதர்போல வளர்க்கலாம், ஒவ்வொன்றிலும் தண்டு குறைவாக விட்டால் சமாளித்துவிடும்.

நடும் காலம், இலை உதிர்ந்ததிலிருந்து மொட்டு விரிவதற்குள், மண் உறைந்திராத எந்த நாளும். அந்தப் பருவத்தில் மண் இல்லாமல் வேரோடு மட்டும் வரும் கன்றுகள் கிடைக்கும், தொட்டிக் கன்றைவிட மலிவாகவும் இருக்கும், வேர் சுருண்டிருக்காது. வாங்கி வந்ததும் வேரை ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள். குழியின் அகலம் வேரின் விரிவைப் போல இரண்டு மடங்கு, ஆழம் வேர் உட்காரும் அளவு மட்டும். தண்டில் பழைய மண்மட்டம் நிறம் மாறித் தெரியும், அதே மட்டத்துக்கு நடுங்கள், அதைவிட ஆழமாகப் புதைக்க வேண்டாம். குழிக்குள் உரம் எதுவும் போடாதீர்கள், எடுத்த மண்ணையே திருப்பிப் போட்டு, காலால் மெதுவாக மிதித்து, 10, 15 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. கன்று ஒற்றைக் குச்சியாக நெட்டையாக இருந்தால் முழங்காலுக்குச் சற்று மேலே, 60 முதல் 75 சென்டிமீட்டரில் வெட்டிவிடுங்கள். மனசு கேட்காது, வெட்டுங்கள்.

சுற்றிலும் ஒரு மீட்டர் வட்டத்துக்குப் புல்லை எடுத்துவிட்டு மரச்சில்லோ காய்ந்த இலையோ நான்கு விரல் உயரத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி. இந்த மரத்தின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே படர்கிறது, புல் பக்கத்தில் இருந்தால் தண்ணீருக்கு அதோடு போட்டி. அதே காரணத்தால் மரத்தடியில் மண்வெட்டி போட்டுக் கொத்தவும் கூடாது. முயலும் மானும் வரும் இடமாக இருந்தால் தண்டைச் சுற்றி வலை கட்டாமல் முதல் இரவைக் கழிக்காதீர்கள்.

முதல் சில வருடங்கள்

முதல் இரண்டு கோடையில் மழை இல்லாத வாரங்களில் வாரம் ஒருமுறை 15, 20 லிட்டர். அவ்வளவுதான். முதல் வருடம் உரம் வேண்டாம். அடுத்த வருடத்திலிருந்து வசந்தத்தின் தொடக்கத்தில் ஒரு வாளி மக்கிய உரம் மூடாக்குக்கு அடியில் போட்டால் போதும். கிளை நுனி ஒரு வருடத்தில் ஒரு சாணாவது வளர்ந்திருந்தால் மரம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலைதான் பெருகும்.

இப்போது பக்கக்கன்று. ஹேசல் இயல்பில் புதர், ஒற்றைத் தண்டு மரமாக இருக்க அதற்கு விருப்பமே இல்லை. அடியிலிருந்து வளரும் பருவம் முழுக்க ஈட்டி மாதிரி நேராகக் குச்சிகள் கிளம்பிக்கொண்டே இருக்கும். ஒற்றைத் தண்டாக வளர்க்க நினைப்பவர்கள் இவற்றை வசந்தத்திலும் கோடையிலும் மூன்று நான்கு முறை எடுக்க வேண்டும், சாண் உயரம் வரும்போதே. கத்தரியால் மேலோடு வெட்டினால் வெட்டிய இடத்தில் இரண்டு முளைக்கும். மண்ணைக் கையால் விலக்கி, குச்சி கிளம்பும் அடிவரை போய், கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுவதுதான் வழி.

என்னைக் கேட்டால் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் புதராகவே விடுங்கள். ஒற்றைத் தண்டு முறை இயந்திரம் ஓட்டிக் கொட்டை வாரும் தோட்டங்களுக்கானது. துருக்கியில் இன்றும் பல தண்டுகளைச் சேர்த்து ஒரு கொத்தாகத்தான் வளர்க்கிறார்கள், அதை ஒஜாக் என்கிறார்கள், அடுப்பு என்று பொருள். நன்றாக வளர்ந்த ஆறேழு தண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். எட்டுப் பத்து வருடம் கழித்து, வருடத்துக்கு ஒன்றாக மிகப் பழைய தண்டைத் தரையோடு அறுத்துவிட்டு ஒரு இளங்குச்சியை அதற்குப் பதிலாக வளரவிட்டால் புதர் கிழடு தட்டாது. இப்படி அடியோடு வெட்டி வெட்டி வளர்த்த ஹேசல் புதர்கள் நூற்றாண்டுகள் தாண்டியும் நிற்கின்றன.

கவாத்துக்கு நல்ல நேரம் குளிர்காலக் கடைசி, பூச்சரம் தூள் உதிர்க்கும் சமயம். நீங்கள் கிளையை ஆட்ட ஆட்ட மகரந்தம் பறக்கும், ஒரே வேலையில் இரண்டு லாபம். நடுவே வெளிச்சம் விழுகிற மாதிரி, குறுக்கே ஓடுவதையும் காய்ந்ததையும் எடுங்கள். கொட்டை வருவது முந்தைய வருடம் வளர்ந்த குச்சியில், அதனால் எல்லா நுனியையும் கிராப்பு வெட்டுவது போல வெட்டிவிட்டால் அடுத்த விளைச்சலை நீங்களே வெட்டிப்போட்டதாகும்.

காய்க்க ஆரம்பித்ததும்

மூன்றிலிருந்து ஐந்து வருடத்தில் முதல் கொட்டைகள், கைப்பிடி அளவு. எட்டுப் பத்து வருடத்தில் முழு விளைச்சல், நல்ல இடத்தில் நிற்கும் மரம் சில கிலோ தரும். ஒரு வருடம் நிறைய, மறு வருடம் குறைச்சல் என்று மாறி மாறி வருவதும் சகஜம்.

இந்த மரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. குளிர்காலத்தில் மகரந்தம் விழுந்தாலும் கருவுறுதல் உடனே நடப்பதில்லை, மூன்று நான்கு மாதம் கழித்து, இலையெல்லாம் விரிந்த பிறகுதான் நடக்கிறது. அப்புறம் முதலில் ஓடு முழு அளவுக்கு வளர்ந்துவிடும், பருப்பு அதன்பிறகுதான் நிரம்பும். நடுக்கோடையில் ஒரு கொட்டையைப் பிளந்து பாருங்கள், உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருக்கும், ஒரு ஓரத்தில் மிளகு அளவுக்குப் பருப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பஞ்சு இருந்த இடத்தைப் பருப்பு பிடிக்கும் நான்கைந்து வாரத்தில் தண்ணீர் குறைந்தால் வெளியே பார்க்கப் பெரிய கொட்டை, உள்ளே சுருங்கிய பருப்பு. வளர்ந்த மரத்துக்கும் அப்போது மட்டும் தண்ணீர் கொடுங்கள். பத்துக்கு ஒன்று சொத்தையாகப் போனால் கவலைப்பட வேண்டாம், பாதிக்கு மேல் போனால் தண்ணீரையும் ஜோடி ரகத்தையும் சந்தேகப்படுங்கள்.

ஓட்டில் ஊசி குத்தியது போல வட்டமான ஓட்டை தெரிந்தால் அது கூன்வண்டின் புழு வெளியே போன வழி. பிஞ்சாக, ஓடு மென்மையாக இருக்கும்போதே வண்டு துளைத்து முட்டை வைத்துவிடும், புழு பருப்பைத் தின்றுவிட்டு, கொட்டை விழுந்ததும் மண்ணுக்குள் இறங்கிவிடும். வீட்டுத் தோட்டத்தில் மருந்து அடிப்பதைவிட, சீக்கிரமே விழும் கொட்டைகளை அன்றன்றைக்கே பொறுக்கி எரித்துவிடுவதுதான் வேலைக்கு ஆகும். கோழி வளர்ப்பவர்கள் மரத்தடியில் மேயவிடலாம்.

அணிலைப் பற்றி என்ன சொல்ல. வலை போட்டால் வலையைக் கடிக்கும். கொட்டை பழுக்க ஒரு வாரம் இருக்கும்போதே அது வந்துவிடும், நாமும் அதற்கு முன்னால் போக வேண்டியதுதான். பச்சை உறையின் ஓரம் மஞ்சள் தட்டி, கொட்டையை விரலால் திருகினால் உறைக்குள் சுழன்றால், அப்போதே பறிக்கலாம், பருப்பு நிறைந்திருக்கும். அணில் தொல்லை இல்லாதவர்கள் தானாக விழும்வரை விட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பொறுக்கலாம். மழையில் தரையில் கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

உறையை நீக்கி, வலைத்தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, நிழலில் காற்றோட்டமாக இரண்டு மூன்று வாரம் உலர்த்துங்கள், நாளுக்கு ஒருமுறை கையால் கிளறிவிட வேண்டும். ஆட்டிப் பார்த்தால் உள்ளே பருப்பு சலசலக்கும், உடைத்தால் பருப்பு ரப்பர் மாதிரி வளையாமல் சட்டென்று இரண்டாகும். அதுதான் பதம். கையில் எடுக்கும்போதே எடையில்லாமல் இருப்பவை காலி, அப்போதே ஒதுக்கிவிடுங்கள். ஓட்டோடு துணிப்பையில் போட்டு, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் தொங்கவிட்டால் அடுத்த விளைச்சல் வரை இருக்கும். உடைத்த பருப்பு சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும், அதை ஃப்ரீசரில் வையுங்கள்.

இரண்டாவது மரமும் நன்றாகக் காய்க்க ஆரம்பித்ததும், கன்று கேட்டு ஆட்கள் வருவார்கள். ஒட்டுக்கட்டாத கன்றாக வாங்கியிருந்தால் பக்கக்கன்றும் அதே ரகம்தான், தாராளமாகக் கொடுக்கலாம். வளைந்துகொடுக்கும் ஒரு இளங்குச்சியை வசந்தத்தில் தரையோடு சாய்த்து, நடுப்பகுதியில் பட்டையை லேசாகக் கீறி, மண்ணில் புதைத்து, மேலே கல்லை வைத்துப் பதியன் போட்டுவிடுங்கள், அடுத்த குளிர்காலத்தில் வேரோடு வெட்டி எடுக்கலாம். கொடுக்கும்போது ரகத்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கட்டி, கூடவே எந்த ரகத்தை ஜோடியாக வாங்க வேண்டும் என்பதையும் அதே சீட்டில் எழுதிவிடுங்கள்.